பாலையில் மழை

நுழையும்முன்

நீரற்ற நிலத்தில் தாகத்தால் துன்பம் வருவது இயல்பு. அதே நிலத்தில் நீராலேயே துன்பம் வரும் என்றால் உடனே நம்பத் தோன்றாது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பரப்பில் அவ்வாறு நேர்வதுண்டு. தங்குமிடத்தை ஓர் இழுவண்டியில் மடித்துக் கட்டிக்கொண்டு அந்நிலத்தைக் காணச் செல்வோர் பலர். வழியில் மழை பிடித்துக்கொண்டால் அவர்கள் என்ன செய்கின்றனர், ஏன் அவ்வாறு செய்கின்றனர் என்பதை விளக்குகிறது இப்பாடம்.

ஊர்கள் அருகிய பரப்பு

ஆஸ்திரேலியா ஏறத்தாழ 77 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடைய கண்டம். இந்தியாவின் பரப்பைப் போல இருமடங்குக்கும் மேற்பட்டது. ஆயினும் அந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் கடற்கரையை ஒட்டிய நகரங்களிலேயே வாழ்கின்றனர். கடலை விட்டு உள்ளே செல்லச் செல்ல ஊர்கள் அருகும், மரங்கள் குட்டையாகும், மண் சிவக்கும். இவ்வுள்நாட்டுப் பரப்பை அந்நாட்டினர் 'அவுட்பேக்' என்று அழைக்கின்றனர்.

இப்பரப்பின் இயல்பை அறிய ஒரு பாதையை எடுத்துக்கொள்ளலாம். தென் ஆஸ்திரேலிய மாநிலத்தில் மாரீ என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கிருந்து குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பேர்ட்ஸ்வில் வரை செல்லும் மண்பாதைக்குப் 'பேர்ட்ஸ்வில் தடம்' என்று பெயர். அதன் நீளம் 517 கிலோமீட்டர். இடையில் எரிபொருள் கிடைப்பது மங்கரானி என்னும் ஓரிடத்தில் மட்டுமே. பாதையின் முடிவிலுள்ள பேர்ட்ஸ்வில்லில் நிலையாக வாழ்வோர் ஏறத்தாழ நூறு பேர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு மந்தைகளை மாரீ இரயில் நிலையத்துக்கு ஓட்டிச் செல்ல இத்தடம் பயன்பட்டது. பின்னர் ஒட்டக வரிசைகள் இதன்வழியே பொருள்களைச் சுமந்தன. அவ்வொட்டகங்களை நடத்தியவர்கள் 'ஆப்கானியர்' என்னும் பொதுப்பெயரால் அழைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் அன்றைய பிரித்தானிய இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளிலிருந்து சென்றவர்கள்.

இத்தடத்தை ஒட்டிய நிலத்தில் ஓராண்டில் பெய்யும் சராசரி மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. சென்னையில் பெய்வதோ ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர். ஆனால் சராசரி என்னும் சொல் இங்கு ஏமாற்றக்கூடியது. மாதக்கணக்கில் ஒரு துளியும் விழாமல் இருந்துவிட்டு, ஓராண்டின் மழை முழுவதும் சில நாள்களில் கொட்டிவிடுவதும் உண்டு. அந்தச் சில நாள்களில் வழியில் அகப்பட்டுக்கொள்பவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மடித்து எடுத்துச் செல்லும் வீடு

இத்தகைய நிலத்தில் விடுதிகள் அரியவை. ஆதலால் பயணிகள் தங்கும் வசதியைத் தம்முடனே கொண்டு செல்கின்றனர். காரின் பின்னால் கொக்கியிட்டு இணைக்கப்படும் டிரெய்லர் என்னும் இழுவண்டி அதற்குப் பயன்படுகிறது. தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் டிராக்டருக்குப் பின்னால் நெல் மூட்டையும் கரும்பும் ஏற்றிச் செல்லும் டிரெய்லரைப் பலரும் கண்டிருப்பர். கூடார இழுவண்டி அதனினும் சிறியது. அதன் மேற்புறத்தில் கித்தான் கூடாரம் மடித்து வைக்கப்பட்டிருக்கும். உள்ளே நீர்த்தொட்டி, எரிவாயு அடுப்பு, உணவுப்பெட்டி, படுக்கை ஆகியன அடங்கும். வண்டியை நிறுத்திக் கூடாரத்தை விரித்து, கயிறுகளை இழுத்து முளையடித்தால் சிறிது நேரத்தில் ஒரு வீடு எழுந்துவிடும்.

இவ்வீடு வசதியானது; ஆனால் எடை மிகுந்தது. எடையைச் சமநிலையில் ஏற்றாவிட்டால் இழுவண்டி பாம்புபோல் வளைந்து ஆடும். அதன் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மீது அழுந்துமாறு பொருள்களை அடுக்க வேண்டும் என்பது பயணிகள் பின்பற்றும் பொதுவிதி. 750 கிலோகிராமுக்கு மேற்பட்ட இழுவண்டிக்குத் தனியே பிரேக் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். உலர்ந்த பாதையில் இவை போதும். மழை பெய்த பாதையிலோ, இழுவண்டியின் எடையே பயணிக்குப் பெருஞ்சிக்கலாகிறது.

கரிசல் மண்ணின் இரு முகங்கள்

கோவில்பட்டி, விருதுநகர்ப் பகுதிகளைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்களுக்குக் கரிசல் மண் அறிமுகமானது. கோடையில் வெடித்துக் கிடக்கும் அந்நிலம், மழை பெய்தவுடன் காலைப் பற்றி இழுக்கும். இந்தியாவைப் போலவே ஆஸ்திரேலியாவிலும் இம்மண் பெரும்பரப்பில் காணப்படுகிறது. குயின்ஸ்லாந்தின் மேற்குச் சமவெளிகளில் பல கருநிறக் களிமண் நிலங்களே.

இம்மண்ணின் நடத்தைக்குக் காரணம் அதிலுள்ள களிமண்ணின் அமைப்பு. அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடுகளை அடுக்கி வைத்தாற்போன்றது. நீர் படும்பொழுது அது ஏடுகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்குகிறது; மண் உப்புகிறது. நீர் வற்றும்பொழுது ஏடுகள் நெருங்குகின்றன. மண் சுருங்கி வெடிக்கிறது. நனைந்த நிலையில் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. அதனால்தான் அச்சேறு ஒரே நேரத்தில் ஒட்டவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது.

இத்தகைய சேற்றில் ஓடும் சக்கரத்தில் முதலில் டயரின் பள்ளங்கள் நிரம்புகின்றன. பள்ளங்கள் நிரம்பிய டயருக்குப் பிடிமானம் இல்லை. பின்னர்ச் சக்கரத்துக்கும் அதன் மேலுள்ள தகட்டுக்கும் இடையே சேறு அடைகிறது. கார்ச் சக்கரங்களை எஞ்சின் சுழற்றுகிறது. இழுவண்டியின் சக்கரங்களையோ எதுவும் சுழற்றுவதில்லை. அவை இழுக்கப்படுவதால் மட்டுமே உருள்கின்றன. ஆகவே சேறு அடைத்தவுடன் இழுவண்டியின் சக்கரங்கள் உருளாமல் சறுக்கத் தொடங்குகின்றன. அப்பொழுது இழுவண்டி, கப்பலிலிருந்து இறக்கிய நங்கூரம்போல் காரைப் பின்னுக்கு இழுக்கும். மண்பாதைகள் நீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் அமைக்கப்பட்டிருக்கும். வழுக்கும் வண்டி அச்சரிவில் மெல்ல இறங்கி ஓரத்துப் பள்ளத்தில் சாயும். தனித்த காரை மீட்பது அரிது. பின்னால் இழுவண்டியும் இருந்தால் அரிதினும் அரிது.

இதனால் உள்நாட்டில் வாழ்வோர் ஓர் எளிய சோதனை செய்வர். மழை விட்டபின் பாதையில் இருபது அடி நடந்து பார்ப்பர். காலணியின் அடியில் மண் அப்பிக் கனத்தால், சக்கரத்திலும் அவ்வாறே அப்பும் என்பது பொருள். அன்று பயணமில்லை.

மூடிய பாதையின் நியாயம்

உள்நாட்டு மண்பாதைகளின் தொடக்கத்தில் பெரிய அறிவிப்புப் பலகைகள் நிற்கும். எந்தப் பாதை திறந்துள்ளது, எது மூடப்பட்டுள்ளது என்பதை அவை காட்டும். மழைக்குப்பின் மூடிய பாதையில் வண்டி ஓட்டுவது தண்டனைக்குரிய குற்றம், அபராதம் கடுமையானது.

வெளியூரிலிருந்து வருபவருக்கு இது மிகையாகத் தோன்றலாம். தம் வண்டி, தம் விருப்பம், தம் துணிவு என்று எண்ணலாம். ஆனால் பாதை அவருக்கு மட்டும் உரியதன்று. ஈரமான களிமண்ணில் ஓடும் ஒரு கனத்த வண்டி முழங்கால் ஆழத்துக்குக்கூடத் தடம் பதிக்கும். வெயில் வந்தவுடன் அத்தடம் செங்கல்போல் இறுகிவிடும். மண்ணைச் சமன்செய்யும் இயந்திரம் அடுத்த முறை வரும்வரை, அது அங்கேயே கிடக்கும். அதுவரை பண்ணைக்கு உணவு கொண்டுவரும் லாரியும், மாடுகளை ஏற்றிச் செல்லும் நெடிய வண்டித்தொடரும், மருத்துவ உதவி தேடிச் செல்வோரும் அப்பள்ளங்களின் மீதே குலுங்கிச் செல்ல வேண்டும். ஒருவர் ஒருநாள் காத்திருக்க மறுத்ததன் விலையைப் பலர் பல வாரங்கள் கொடுக்கின்றனர்.

வானம் வெளுத்தபின் வரும் வெள்ளம்

மழை நின்றது, வானம் நீலமாயிற்று, மண்ணும் காய்ந்தது. இனிப் புறப்படலாம் என்று தோன்றும். இந்நிலையிலும் ஓர் இடர் எஞ்சியிருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் நீர் கடலைச் சென்றடைவதில்லை. அது கண்டத்தின் உள்நோக்கியே பாய்கிறது. ஜார்ஜினா, டயமன்டினா, கூப்பர் ஆகிய ஆறுகள் குயின்ஸ்லாந்திலிருந்து தென்மேற்காக ஓடி, கட்டி தண்டா – ஐர் ஏரியை நோக்கிச் செல்கின்றன. 'கட்டி தண்டா' என்பது அந்நிலத்தின் தொல்குடியினரான அரபானா மக்கள் வழங்கும் பெயர். 2012 முதல் இரு பெயர்களும் இணைத்தே எழுதப்படுகின்றன. அவ்வேரியின் மிகத் தாழ்ந்த பகுதி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 15 மீட்டர் கீழே உள்ளது. பெரும்பாலான ஆண்டுகளில் அது நீரற்ற உப்புத்தரை.

இவ்வாறுகள் ஓடும் நிலம் மிகவும் தட்டையானது. ஆகவே வெள்ளம் ஒரே கரைக்குள் அடங்காமல், பின்னிய சடைபோல் எண்ணற்ற கால்களாகப் பிரிந்து பரவும். அது ஓடுவதில்லை, நகர்கிறது என்பதே பொருந்தும். வடக்கே பெய்த மழையின் நீர், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவைக் கடக்க வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். பேர்ட்ஸ்வில் தடத்தில் கூடாரமிட்டிருப்பவரின் தலைமேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அவர் காணாத இடத்தில், சில வாரங்களுக்கு முன் பெய்த மழை அவர் செல்லவேண்டிய பாதையை நோக்கி வந்துகொண்டிருக்கும்.

2025 மார்ச் இறுதியில் குயின்ஸ்லாந்தின் தென்மேற்கில் பெருமழை பெய்தது. சில இடங்களில் வெள்ளம் 1974-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும் விஞ்சியது. ஊர்கள் நீரால் சூழப்பட்டன. 1,00,000-க்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன அல்லது காணாமற்போயின. வேலிகளும் பாதைகளும் பெருந்தொலைவுக்கு அழிந்தன. அந்நீரே பின்னர் வாரக்கணக்கில் நகர்ந்து, வறண்டு கிடந்த ஏரியை அடைந்தது. ஆகவே உள்நாட்டுப் பயணி தாம் நிற்கும் இடத்தின் வானிலையை மட்டும் அறிந்தால் போதாது. ஆற்றின் மேற்பகுதியில் என்ன பெய்தது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

நீரைக் கடக்கலாமா?

பாதையின் குறுக்கே நீர் ஓடுகிறது. அக்கரை கண்ணுக்குத் தெரிகிறது. நீரும் ஆழமாகத் தோன்றவில்லை. இந்நிலையில்தான் பலர் தவறு செய்கின்றனர்.

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நீராய்வுக்கூடத்தில் உண்மையான வண்டிகளை நீரில் நிறுத்திச் சோதனை செய்தனர். நீரின் வேகம் நொடிக்கு 1 மீட்டர். அதாவது மெல்ல நடக்கும் மனிதரின் வேகம். ஒரு டன்னைச் சற்றே விஞ்சிய எடையுள்ள சிறிய கார், 15 சென்டிமீட்டர் ஆழத்திலேயே நகரத் தொடங்கியது. அது கணுக்காலைச் சற்றே கடந்த ஆழம். இரண்டரை டன் எடையுள்ள பெரிய வண்டியோ 45 சென்டிமீட்டர் ஆழத்தில் நிலைகுலைந்தது. எடை மிகுந்த வண்டி வெள்ளத்தில் நிற்கும் என்னும் எண்ணம் இச்சோதனையால் பொய்யாயிற்று. வண்டியின் அடியில் புகும் நீர் அதை மேலே தூக்குகிறது. தூக்கப்பட்ட வண்டியின் சக்கரங்களுக்குத் தரையில் பிடிமானம் குறைகிறது. பக்கவாட்டில் வரும் நீர் அதை எளிதில் தள்ளிவிடுகிறது.

இழுவண்டி இணைந்திருந்தால் இடர் மேலும் பெருகும். அது மூடிய பெட்டி. ஆதலால் மிதக்கும் இயல்புடையது. அதன் பக்கச்சுவர்மீது நீர் மோதும்பொழுது, இழுவண்டி பாதையை விட்டு விலகிக் காரையும் உடன் இழுக்கும். நடுவில் மனம் மாறினாலும் இழுவண்டியுடன் நேராகப் பின்னோக்கி வருவது எளிதன்று. கலங்கிய நீரின் அடியில் பாதை அரித்துப்போயிருப்பதும் மேலிருந்து தெரியாது. "வெள்ளமா? மறந்துவிடு" என்னும் பொருள்படும் சுருக்கமான அறிவுரையைக் குயின்ஸ்லாந்து அரசு மக்களிடையே தொடர்ந்து பரப்பி வருகிறது. அவ்வறிவுரைக்கு விதிவிலக்கு இல்லை.

நனையாமல் தங்கும் கலை

பயணத்தை நிறுத்துவது என்று முடிவு செய்தபின், தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வறண்ட ஓடையின் மணற்படுகை மென்மையாகவும் நிழலாகவும் இருக்கும். ஆனால் அங்குத் தங்குவது அறிவுடைமை ஆகாது. இரவில் நீர் வரக்கூடும். ஓடைக்கரையில் வளரும் பெரிய யூக்கலிப்டஸ் மரங்களின் கிளைகள் முன்னறிவிப்பின்றி முறிந்து விழும் இயல்புடையன. ஆகவே மரத்தடியும் ஏற்றதன்று. ஓடையை விட்டு விலகிய, சற்றே உயர்ந்த, கற்கள் நிறைந்த இறுகிய தரையே சிறந்தது. புறப்படும் திசையை நோக்கி வண்டியை நிறுத்துவதும் பயன் தரும்.

அடுத்தது கித்தான். பருத்தி நூலால் நெய்த கித்தான் நனையும்பொழுது நூல்கள் உப்பி, இடைவெளிகளை அடைக்கின்றன. ஆனால் புதிய கித்தானின் தையல் துளைகளில் நீர் கசியும். ஆதலால் பயணத்துக்கு முன்பே வீட்டில் கூடாரத்தை விரித்து, நன்கு நனைத்து உலர்த்த வேண்டும். இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தபின் அது மழையைத் தாங்கப் பழகிவிடும். நனைந்த கித்தானின் உட்புறத்தில் படுக்கையோ பெட்டியோ உராய்ந்தால் அந்த இடத்தில் நீர் கசியத் தொடங்கும். எனவே பொருள்களைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

முன்பந்தலைச் சமமாகக் கட்டுவதும் தவறு. ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்டினால் நீர் வழிந்தோடும். தாழ்த்தாவிட்டால் நடுவில் நீர் தேங்கும். ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கினால், அதன் அளவு 100 லிட்டர். எடை 100 கிலோகிராம். அவ்வெடையைத் தாங்காமல் கம்பிகள் வளைந்து பந்தல் சரியும். தாழ்ந்த மூலையில் ஒரு வாளியை வைத்தால், வழியும் நீர் பாத்திரம் கழுவப் பயன்படும்.

கூடாரத்துக்குள் சேறு புகாமல் காப்பதும் முக்கியம். தமிழர் வீடுகளில் காலணியை வாயிலில் கழற்றிவிட்டு உள்ளே செல்லும் வழக்கம் இங்கும் நன்கு பொருந்தும். ஒவ்வொருவரும் ஒரு மாற்றுடையை நீர்புகாப் பையில் கட்டி, உறங்கும் நேரத்துக்கென்றே ஒதுக்கிவைப்பர். பகலில் எவ்வளவு நனைந்தாலும் இரவில் உலர்ந்த உடையோடு உறங்கினால் உடல்நலம் கெடாது. பாலைநிலத்துக் குளிர்கால இரவு கடுங்குளிர் உடையது என்பதை மறத்தல் கூடாது.

மழைக்கு அஞ்சி மூடிய கூடாரத்துக்குள் எரிவாயு அடுப்பைப் பற்றவைப்பதோ கரியடுப்பை வைப்பதோ பேரிடர் தரும். காற்றோட்டம் குறைந்த இடத்தில் எரிபொருள் முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் உணராமலே உயிரிழக்க நேரிடும். மழை பெய்தாலும் சமையல் திறந்த பந்தலின் கீழேதான் நடைபெற வேண்டும்.

புறப்படும் நாளில் கித்தான் ஈரமாக இருந்தால் அப்படியே மடித்து வைத்துவிடக் கூடாது. ஈரமான மடிப்புகளுக்குள் பூஞ்சணம் பற்றும். துணி கருத்து நைந்துபோகும். வேறு வழியின்றி மடிக்க நேர்ந்தால், அடுத்து நிற்கும் இடத்தில் முதல் வேலையாக அதை விரித்து உலர்த்த வேண்டும்.

காத்திருப்போரின் துணைகள்

காத்திருப்பது எனில் வெறுமனே அமர்ந்திருப்பதன்று. அதற்கும் முன்னேற்பாடு வேண்டும். பயணத் திட்டத்துக்குத் தேவையான உணவுக்கு மேலாகப் பல நாள்களுக்கான அரிசி, பருப்பு, மாவு, உலர்ந்த பழங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். குடிநீர் ஒருவருக்கு ஒருநாளைக்கு 5 லிட்டருக்குக் குறையாமல் இருத்தல் நலம். சுற்றிலும் வெள்ளம் இருந்தாலும் சேறு கலந்த அந்நீர் உடனே குடிக்கத்தக்கதன்று.

கைப்பேசி அப்பரப்பில் பெரும்பாலும் இயங்காது. ஆகவே வானொலிக் கருவி, செயற்கைக்கோள் தொலைபேசி, இடர்க்காலத்தில் இருப்பிடத்தை அறிவிக்கும் சிறு கருவி ஆகியவற்றைப் பயணிகள் வைத்திருப்பர். எந்த வழியாகச் செல்கின்றனர், எந்நாளில் சென்றடைவர் என்பதை உறவினரிடம் சொல்லிவிட்டே புறப்படுவர். வண்டி சிக்கிக்கொண்டால் அதைவிட்டு விலகி நடப்பதில்லை. வானிலிருந்து தேடுவோருக்குத் தனிமனிதரைக் காட்டிலும் வண்டியே எளிதில் தென்படும்.

உள்நாட்டில் வாழும் மக்களுக்குத் தனிமையும் காத்திருப்பும் புதியன அல்ல. 1928-இல் ஜான் ஃபிளின் என்பவரின் முயற்சியால் குயின்ஸ்லாந்தின் குளோன்கரியில் பறக்கும் மருத்துவச் சேவை தொடங்கப்பட்டது. மருத்துவர் வானூர்தியில் நோயாளியைத் தேடிச் சென்றார். காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியை ஆல்ஃபிரட் டிரேகர் உருவாக்கினார். தொலைதூரப் பண்ணைகளில் வாழ்ந்தோர் அதன்வழியே உதவி கேட்டனர். 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வானொலிப் பள்ளி தொடங்கியது. பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே ஆசிரியரின் குரலைக் கேட்டுப் பாடம் பயின்றனர்.

பேர்ட்ஸ்வில் தடத்தின் அஞ்சல்காரரான டாம் குரூஸ் என்பவரின் பெயரும் குறிப்பிடத்தக்கது. அவர் 1936 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, மாரீக்கும் பேர்ட்ஸ்வில்லுக்கும் இடையே லாரியில் அஞ்சலும் உணவும் எரிபொருளும் கொண்டு சென்றார். மணல்மேடு தடுத்தது, சேறு தடுத்தது, பல ஆண்டுகள் வறண்டு கிடந்த கூப்பர் ஓடை பெருகித் தடுத்தது. 1949-இல் அவ்வோடை பெருக்கெடுத்தபொழுது 'டாம் பிரென்னன்' என்னும் படகு, பொருள்களை அக்கரை சேர்க்கப் பயன்பட்டது. அப்படகு இன்றும் தடத்தின் அருகே நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டுள்ளது. வெள்ளத்தின் குறுக்கே லாரியை ஓட்டித் தம் துணிவைக் காட்ட அம்மக்கள் முனையவில்லை. இக்கரையில் லாரி நின்றது. நடுவில் படகு சென்றது. அக்கரையில் பொருள் சேர்ந்தது. நீரோடு போரிடாமல் அதன் இயல்புக்கு ஏற்ப நடந்துகொண்டதாலேயே அப்பணி நிலைத்தது.

மழைக்குப்பின்

காத்திருப்பவருக்கு நிலம் ஒரு பரிசும் வைத்திருக்கிறது. மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் உறங்கிய தவளைகள் மழையின் ஒலி கேட்டு வெளிவந்து இரவெல்லாம் கத்துகின்றன. வறண்ட தரையில் புதைந்திருந்த முட்டைகளிலிருந்து சிறு இறால் இனங்கள் தோன்றித் தேங்கிய நீரில் நீந்துகின்றன. சில வாரங்களில் சிவந்த மணல்மேடுகளில் மஞ்சளும் வெண்மையும் ஊதாவுமாக மலர்கள் பரவுகின்றன. கட்டி தண்டா ஏரியில் நீர் நிறையும் ஆண்டுகளில், தொலைவிலுள்ள கடற்கரைகளிலிருந்து கூழைக்கடாப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து கூடு கட்டுகின்றன. பயணத்தைத் தடுத்த அதே மழைதான் இவ்வளவுக்கும் காரணம். அவசரப்பட்டுப் புறப்பட்டவர் சேற்றை மட்டுமே கண்டிருப்பார்.

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்திணைகளாகப் பகுத்தனர். பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிதல். அது பயணத்தின் நிலம். முல்லைக்கு உரிய ஒழுக்கம் இருத்தல். அது கார்காலத்தில் பொறுத்திருப்போரின் நிலம். ஆஸ்திரேலியப் பாலையில் மழை இறங்கும்பொழுது இவ்விரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. பயணம் செய்யக் கிளம்பியவர் பொறுத்திருக்க வேண்டியவராகிறார். கூடாரமும் கயிறும் உணவும் கருவியும் அவருக்குத் துணைசெய்யும். ஆனால் எந்த நேரத்தில் நிற்க வேண்டும் என்னும் அறிவே அவர் எடுத்துச் செல்லும் பொருள்களுள் முதன்மையானது. அதற்கு எடையும் இல்லை.

சொல்லும் பொருளும்

அருகுதல் – குறைதல்
கித்தான் – கூடாரம் செய்யப் பயன்படும் தடித்த துணி
முளை – கயிற்றைக் கட்டத் தரையில் அடிக்கும் சிறு கட்டை
பூஞ்சணம் – ஈரத்தில் பற்றும் பூசணம்
விஞ்சுதல் – மிகுதல்
கூழைக்கடா – பெரிய அலகுடைய நீர்ப்பறவை

சிந்தித்து விடையளிக்க

1. நனைந்த கரிசல் மண் ஒட்டவும் வழுக்கவும் செய்வதற்குக் காரணம் யாது?
2. வானம் தெளிந்த பின்னும் பாதையில் வெள்ளம் வருவது எவ்வாறு?
3. இரண்டு சதுர மீட்டர்ப் பரப்புள்ள பந்தலில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கினால், அந்நீரின் எடை எவ்வளவு?
4. மூடிய பாதையில் வண்டி ஓட்டுவதால் யார் யார் துன்புறுகின்றனர்?
5. மழையினால் குடும்பத்தின் பயணம் தடைப்பட்ட ஒரு நிகழ்வைப் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.